பற்றலும் விடுதலும்

மோட்டார் வண்டி ஓட்டுவோர் தம் இடக்காலால் அடிக்கடி ஒரு மிதியை அழுத்துவதை நாம் கண்டிருக்கிறோம். வண்டி புறப்படும்போதும், கியர் மாற்றும்போதும், நிற்கப்போகும்போதும் அம்மிதி அழுத்தப்படுகிறது. அதனைக் கிளச்சு மிதி என்பர். மிதியைக் காண்பவர் பலர். அம்மிதி இயக்கும் கருவியைக் கண்டவர் மிகச் சிலரே. அஃது எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே ஓர் உலோகக் கூட்டினுள் மறைந்து கிடக்கிறது. அக்கருவி செய்யும் தொழில் யாது? அது தேய்ந்துபோனால் வீட்டு முற்றத்திலேயே அதனை மாற்ற இயலுமா? மாற்றும் முறை எத்தகையது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நுகத்தில் பூட்டிய காளை நின்ற நிலையிலிருந்தே தோள் கொடுத்து வண்டியை இழுக்கத் தொடங்கும். பெட்ரோலாலும் டீசலாலும் இயங்கும் எஞ்சினுக்கு அவ்வாற்றல் இல்லை. அது முதலில் தான் சுழன்றாதல் வேண்டும். அதன் சுழற்சி நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகளுக்கும் கீழே இறங்குமாயின் எஞ்சின் நின்றுவிடும். நிற்கின்ற வண்டியின் சக்கரங்களோ சிறிதும் சுழல்வதில்லை. சுழல்கின்ற ஒன்றையும் சுழலாத ஒன்றையும் திடீரெனப் பிணைத்தால் என்ன நேரும்? வண்டி ஒருமுறை துள்ளும், எஞ்சின் அடங்கிவிடும், பல்சக்கரங்கள் அதிர்ச்சிக்கு உள்ளாகும். ஆதலின், இரண்டையும் சிறிது சிறிதாக இணைக்கவும், வேண்டும்போது பிரிக்கவும் வல்ல ஒரு கருவி நடுவில் நிற்க வேண்டியதாயிற்று. அதுவே கிளச்சு.

பிரான்சு நாட்டுப் பொறியாளராகிய எமில் லெவாசர் என்பார் 1891-ஆம் ஆண்டில் எஞ்சினை வண்டியின் முன்புறத்தே அமைத்தார். அதன்பின் கிளச்சையும், அதற்கும் பின்னே கியர்ப்பெட்டியையும் வரிசையாக வைத்துப் பின்சக்கரங்களை ஓடச்செய்தார். அவ்வரிசை முறையை உலகெங்கும் பலர் மேற்கொண்டனர். கல்கத்தா நகரை அடுத்த உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு வரை உருவாகி, நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் வண்டியும் எஞ்சினை முன்னே கொண்டு பின்சக்கரங்களால் ஓடும் வண்டியே. இன்றைய சிறு வண்டிகள் பலவற்றில் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் குறுக்கே அமர்ந்து முன்சக்கரங்களை இயக்குகின்றன. அவற்றில் கழற்றும் முறை வேறுபடும். ஆயினும் கிளச்சின் தத்துவம் ஒன்றே. பின்சக்கர இயக்கம் கொண்ட வண்டியையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

எஞ்சினின் பின்கோடியில் கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று திருகப்பட்டிருக்கும். அதனை ஃபிளைவீல் என்பர். அதன் முகத்தை ஒட்டி வட்ட வடிவான மெல்லிய தட்டு ஒன்று நிற்கும். அதுவே கிளச்சுத் தட்டு. அதன் இருபுறமும் உராய்வு மிகுந்த பொருள் ஒட்டப்பட்டோ, தறையாணியால் அறையப்பட்டோ இருக்கும். அத்தட்டின் பின்னே, வலிய வில்களைக் கொண்ட அழுத்தத் தட்டு உண்டு. தொழிலாளர் இதனைப் பிரஷர் பிளேட்டு என்று வழங்குவர். இது ஃபிளைவீலோடு பிணைக்கப்பட்டு, கிளச்சுத் தட்டைப் பல நூறு கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையோடு நெருக்கிப் பிடிக்கிறது. கியர்ப்பெட்டியின் முன்தண்டு கிளச்சுத் தட்டின் நடுத்துளையில் நுழைந்து நிற்கிறது. துளையிலும் தண்டிலும் நெடுக்கே வெட்டிய பற்கள் ஒன்றோடொன்று பொருந்துவதால் தட்டு சுழன்றால் தண்டும் சுழலும்.

இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையே ஒரு பனையோலைத் துண்டை இறுகப் பிடித்துக் கைகளைத் திருப்பினால் ஓலையும் உடன் திரும்பும். பிடி தளர்ந்தால் கைகள் மட்டும் திரும்ப, ஓலை நின்றுவிடும். ஃபிளைவீலும் அழுத்தத் தட்டும் இரண்டு கைகள். கிளச்சுத் தட்டே ஓலை. மிதியை அழுத்தும்போது ஒரு கவை நெம்புகோல் போல இயங்கி, கிளச்சு பேரிங் என்னும் வளையத்தை முன்னே தள்ளுகிறது. அவ்வளையம் அழுத்தத் தட்டின் வில்லை அமுக்க, பிடி தளர்கிறது. காலை மெல்ல எடுத்தால் பிடி மெல்ல இறுகுகிறது. இறுகும் அச்சிறு பொழுதில் தட்டு சற்றே வழுக்கிக்கொண்டு வேகத்தை ஏற்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழல்வதாகக் கொண்டால், நொடிக்கு 50 சுற்றுகள் ஆகும். அத்துணை வேகத்தை அதிர்வின்றிக் கைம்மாற்றித் தருவது சில மில்லிமீட்டர் தடிப்புள்ள உராய்வுப் படலமே. ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் அப்படலம் சிறிது தேய்கிறது. எனவே கிளச்சுத் தட்டு என்றேனும் ஒருநாள் மாற்றப்படவேண்டிய பொருளாகும்.

தேய்ந்த கிளச்சு சில குறிகளால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் உரக்க ஒலிக்கும். வண்டியின் வேகமோ மிகாது. தீய்ந்த நாற்றம் எழும். இது வழுக்குதலின் குறி. மிதியை முற்றும் அழுத்தியும் கியர் விழாமல் கரகரவென ஒலிப்பது, பிடி முற்றும் விடுபடவில்லை என்பதன் குறி. புறப்படும்போது வண்டி நடுங்கினால், தட்டில் எண்ணெய் படிந்திருத்தல் கூடும். வயிற்றுவலி எல்லாம் ஒரே நோயால் வருவன அல்ல. அதுபோலக் கிளச்சின் கோளாறு எல்லாம் தட்டின் தேய்வால் வருவன அல்ல. மிதிக்கு உரிய சிறிதளவு தளர்வு குறைந்திருந்தாலும் கிளச்சு வழுக்கும். தளர்வு மிகுந்திருந்தாலும், மிதியின் அழுத்தத்தைக் கடத்தும் எண்ணெய்க் குழாய் கசிந்தாலும் பிடி விடுபடாது. இவற்றைச் சரிசெய்யச் சிறுபொழுது போதும். நோயை முதலில் தெளிந்து, பின்னரே பெட்டியைக் கழற்றத் துணிதல் வேண்டும்.

வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவர்க்குக் கிளச்சு கெட்டால் அன்றைய வருவாய் நின்றுவிடும். பட்டறைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு பொருளுக்கு அன்று. கியர்ப்பெட்டியை இறக்கி ஏற்றும் உழைப்புக்கே ஆகும். ஆகவே கருவிகளும் பொறுமையும் உடையோர் வீட்டிலேயே இப்பணியைச் செய்துகொள்வதுண்டு. எனினும் இது சிறுவர் தனித்துச் செய்யத்தக்க வேலையன்று; தொழிலறிந்த பெரியவர் ஒருவர் முன்னின்று செய்ய, மற்றவர் துணைநிற்க வேண்டிய வேலையாகும். அவ்வண்டிக்கென வெளியிடப்பட்ட பழுதுபார்க்கும் நூலும் அருகில் இருத்தல் வேண்டும்.

முதற்கண் உயிர்க்காப்பு. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையின் கீழே மனிதன் படுத்து வேலை செய்யப்போகிறான் என்பதை ஒருகணமும் மறத்தலாகாது. தளம் கெட்டியாகவும் சமமாகவும் இருத்தல் வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தல் வேண்டும். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு உரியது. தூக்கிய வண்டியை நெடும்பொழுது தாங்குவதற்கு உரியதன்று. தூக்கியதும் உறுதியான இரும்புத் தாங்கிகளை உரிய இடங்களில் நிறுத்தி, வண்டியை அவற்றின்மேல் இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பின்னரே கீழே செல்லலாம். செங்கற்களை அடுக்கி அவற்றின்மேல் வண்டியை நிறுத்துவோர் உண்டு. செங்கல் முன்னறிவிப்பு இன்றி நொறுங்கும் இயல்புடையது. அதனை நம்புதல் அறியாமை. பின்னர்ப் பாட்டரியின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரில் கைவைக்கும்போது தீப்பொறி எழாதிருக்க இஃது உதவும்.

கழற்றும் வேலையில் கைத்திறனைக் காட்டிலும் ஒழுங்கே முதன்மையானது. சுழல்தண்டை முதலில் எடுக்கவேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட் என வழங்கும் இந்நீண்ட தண்டு பின்சக்கர அச்சோடு சேரும் இடத்தில், இருபகுதிகளின்மீதும் வண்ணத்தால் ஒரு கோடு இட்டுக்கொள்வர். மீண்டும் பூட்டும்போது கோடுகள் நேர்படுமானால் தண்டு பழைய சமநிலையோடு சுழலும். கியர்ப்பெட்டியின் எண்ணெயை வடித்தல், வேகமானியின் கம்பியையும் கியர்க் கோல்களையும் விடுவித்தல், கிளச்சுக் கவையோடு இணைந்த கம்பியையோ எண்ணெய்ச் சிலிண்டரையோ ஒதுக்குதல், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுதல் ஆகியவை தொடர்ந்து நிகழும். கழற்றிய போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் உடையன அல்ல. ஓர் அட்டையில் கியர்ப்பெட்டியின் முகத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தல் நன்று. மறுநாள் நினைவு தவறினாலும் அட்டை தவறாது.

கியர்ப்பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றினால் எஞ்சினின் பின்புறம் கீழே சாயும். அதனால் எஞ்சினின் அடியில் மரக்கட்டை வைத்து ஒரு ஜாக்கியால் தாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டிக்கு மற்றொரு ஜாக்கி வேண்டும். சிறு வண்டியின் பெட்டியும் 30 கிலோகிராமுக்கு மேல் இருத்தல் கூடும். கூட்டைச் சுற்றியுள்ள போல்ட்டுகளை எடுத்ததும் பெட்டியை நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். தண்டு தட்டிலிருந்து முற்றும் வெளிப்படும்வரை பெட்டியின் பாரம் அதன்மேல் தொங்கலாகாது. தொங்கினால் தட்டு வளைந்துபோகும்.

இப்பொழுது கிளச்சு கண்ணுக்குத் தெரிகிறது. கூட்டினுள் கரிய தூசி நிறைந்திருக்கும். இதனை வாயால் ஊதுவதும், காற்றடித்து வெளியேற்றுவதும் பெருந்தீங்கு. முற்காலத்துக் கிளச்சுத் தட்டுகளில் கல்நார் சேர்க்கப்பட்டிருந்தது. கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயையும் விளைவிக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. பழைய வண்டியில் எத்தட்டு இருக்கிறதென்பது வெளிப்பார்வைக்குப் புலப்படாது. ஆகவே முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை உறையிலிட்டு ஒதுக்குதலே அறிவுடைமை.

அழுத்தத் தட்டின் போல்ட்டுகளை ஒன்றை முற்றும் கழற்றிவிட்டு அடுத்ததற்குச் செல்லலாகாது. எதிரெதிராக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் வில்லின் விசை ஒருபுறமே தாக்கி மூடியை முறுக்கிவிடும். பின்னர்ப் பழைய தட்டை ஆராய்தல் வேண்டும். தறையாணித் தலை வரை தேய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்ததென அறியலாம். ஃபிளைவீலின் முகத்தில் நீலநிறப் புள்ளிகள் இருப்பின் அது மிகுந்த வெப்பம் கண்டதென அறியலாம். ஆழ்ந்த கோடுகளோ வெடிப்போ தோன்றின் கடைசல் பட்டறைக்கு அனுப்பவோ மாற்றவோ வேண்டும். தட்டில் எண்ணெய் படிந்திருந்தால், எஞ்சினின் பின்சீலிலிருந்தோ கியர்ப்பெட்டியின் முன்சீலிலிருந்தோ கசிவு உண்டு என்பது பொருள். கசிவை அடைக்காமல் புதுத்தட்டை மாட்டுதல், ஒழுகும் கூரையின்கீழ்ப் புதுப்பாய் விரிப்பதை ஒக்கும். தட்டு, அழுத்தத் தட்டு, கிளச்சு பேரிங் ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றுவதே வழக்கம். ஒரு பேரிங்கை மிச்சம் பிடித்து, அது பின்னர்க் கெட்டால் மீண்டும் பெட்டி முழுவதையும் இறக்கவேண்டி வரும் அன்றோ?

புதியதைப் பூட்டும்போது கையில் எண்ணெய்ப் பசை இருத்தலாகாது. துருப்பிடியாதிருக்க அழுத்தத் தட்டில் பூசியுள்ள எண்ணெயையும் துடைத்து நீக்க வேண்டும். கிளச்சுத் தட்டுக்கு முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடு உண்டு; ஃபிளைவீலை நோக்க வேண்டிய முகம் இன்னதென்று பெரும்பாலும் அதன்மேலேயே பொறித்திருப்பர். அடுத்து மையம் பிடித்தல். டம்மி ஷாஃப்ட் என்னும் கோலைத் தட்டின் துளை வழியே செலுத்தி, எஞ்சின் தண்டின் நுனியிலுள்ள சிறு பேரிங்கில் பொருத்தினால் தட்டு நட்டநடுவே நிற்கும். அந்நிலையில் போல்ட்டுகளை எதிரெதிராக, பலமுறை சுற்றிவந்து, நூலில் குறித்த அளவுக்கு முறுக்குமானியால் இறுக்க வேண்டும். இறுகிய பின்னர்த் தட்டை நகர்த்த இயலாது. அப்பொழுது அது மையத்தில் இல்லையெனில் பின்வரும் வேலை எதுவும் நடவாது. முன்தண்டின் பற்களில் கிரீஸைச் சிறிதளவே தடவவேண்டும். மிகுதியாகத் தடவினால் சுழற்சியில் சிதறி, புதுத்தட்டையே கெடுத்துவிடும்.

இனிக் கியர்ப்பெட்டியை ஏற்றுதல். இப்பணி முழுவதிலும் மனிதனின் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுவே. பெட்டியை உயர்த்தி முன்தள்ளும்போது தண்டு தட்டின் துளைக்குள் நுழைந்து, எஞ்சினின் சிறு பேரிங்கையும் எட்டவேண்டும். பெரும்பாலும் அது பாதிவழியில் நின்றுவிடும். கூட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி மட்டும் எஞ்சும். கைகள் சோர்ந்து, முதுகு நொந்து, பொழுதும் சாய்ந்த அவ்வேளையில் ஓர் எண்ணம் தோன்றும். 'இருபுறமும் நீண்ட போல்ட்டுகளை மாட்டி இறுக்கினால் பெட்டி தானே உள்ளே வந்துவிடுமே' என்பதே அவ்வெண்ணம். அதற்கு இணங்குதல் கூடாது. போல்ட்டின் விசை மிகப் பெரியது. அது பெட்டியை உள்ளே இழுக்கவும் செய்யும். அதே வேளையில் கூட்டின் காதை உடைக்கவும், புதுத்தட்டின் நடுவை வளைக்கவும், பேரிங்கை நசுக்கவும் செய்யும். உள்ளே நேர்ந்த கேட்டை வெளியிலிருந்து காண இயலாது. வண்டியை ஓட்டும்போதுதான் அது வெளிப்படும். அப்பொழுது எல்லாவற்றையும் மீண்டும் கழற்ற நேரும்.

பெட்டி உள்ளே செல்லவில்லையெனில் அதற்கொரு காரணம் இருந்தே தீரும். அக்காரணங்கள் எண்ணற்றவை அல்ல, நான்கே ஆகும். தண்டின் பற்களும் தட்டின் பற்களும் நேர்படாதிருக்கலாம். கியர் ஒன்றைப் போட்டுப் பெட்டியின் பின்தண்டை மெல்லத் திருப்பினால் பற்கள் நேர்பட்டுவிடும். பெட்டி சாய்ந்திருக்கலாம், சுற்றிலும் இடைவெளியை அளந்து, மேலும் கீழும் வலமும் இடமும் ஒத்திருக்கும்படி ஜாக்கியைத் திருத்தலாம். கவையோ பேரிங்கோ இடம் பெயர்ந்திருக்கலாம். எட்டிப் பார்த்துச் சீர்செய்யலாம். இவை மூன்றும் இல்லையெனில் தட்டு மையம் தவறியிருத்தல் வேண்டும். மனம் சலியாது பெட்டியை இறக்கி மீண்டும் மையம் பிடிப்பதே வழி. எல்லாம் ஒத்துவந்தால் பெட்டி கையின் மெல்லிய தள்ளலுக்கே இசைந்து, கூட்டின் முகமும் எஞ்சினின் முகமும் ஒன்றையொன்று தொடும். அதன்பின் மாட்டும் போல்ட்டுகள் பெட்டியை இழுப்பதற்கு அல்ல. சேர்ந்ததைப் பிரியாமல் காப்பதற்கே.

எஞ்சிய வேலை கழற்றியதற்கு நேர்மாறான வரிசையில் நிகழும். குறுக்குச் சட்டத்தைப் பூட்டி, சுழல்தண்டைக் கோடுகள் நேர்படச் சேர்த்து, ஸ்டார்ட்டரையும் கம்பிகளையும் இணைக்க வேண்டும். வடித்த எண்ணெய்க்கு ஈடாகப் புது எண்ணெய் ஊற்றுதலை மறந்தால், சில கிலோமீட்டர் ஓட்டத்திலேயே பல்சக்கரங்கள் கெட்டுவிடும். அட்டையில் ஒரு போல்ட்டும் எஞ்சியிருத்தலாகாது. மிதியின் தளர்வை அளந்து திருத்தி, வண்டியை இறக்கி, எஞ்சினை இயக்கி, மிதியை அழுத்திச் சற்றுப் பொறுத்துப் பின்னோக்கும் கியரைப் போடவேண்டும். ஒலியின்றி விழுந்தால் பிடி நன்கு விடுகிறது என்று பொருள். மெல்லக் காலை எடுக்கும்போது வண்டி நடுக்கமின்றி நகர்ந்தால் நன்கு பற்றுகிறது என்று பொருள். புதுத்தட்டின் முகம் பதியும்வரை, முதற் சில நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு மிகுபாரம் ஏற்றாமலும் விரையாமலும் ஓட்டுதல் நன்று.

மாற்றிய கிளச்சின் ஆயுள் இனி ஓட்டுவோரின் காலில் இருக்கிறது. வேண்டாதபோதும் மிதியின்மேல் காலை வைத்திருப்போரும், மேட்டில் பிரேக்கைப் பயன்படுத்தாமல் கிளச்சை வழுக்கவிட்டே வண்டியை நிறுத்தி வைப்போரும் தட்டைத் தாமே தேய்க்கின்றனர். முழுவதும் பற்றியிருக்கும்போதும் முழுவதும் விட்டிருக்கும்போதும் கிளச்சு தேய்வதில்லை. அரைகுறையாகப் பற்றி நிற்கும்போதே தேய்கிறது.

இன்று மின்கலத்தால் ஓடும் கார்கள் பெருகிவருகின்றன. மின்மோட்டார், காளையைப் போல, நின்ற நிலையிலிருந்தே இழுக்கவல்லது. ஆதலின் பெரும்பாலான மின்கார்களுக்குக் கிளச்சு வேண்டுவதில்லை. ஆயினும் கியர்ப்பெட்டியை ஏற்றும்போது கைக்கொண்ட முறை எப்பொறியைப் பழுதுபார்ப்போர்க்கும் வேண்டுவது. ஒன்று பொருந்த மறுக்கும்போது கையின் வலிமையைக் கூட்டுவது எளிது. வேலையை நிறுத்திக் காரணத்தைத் தேடுவது அரிது. மாணவர்களே, மிதிவண்டியின் சங்கிலியை மாட்டும்போதும், கிணற்று எஞ்சினின் குழாயைப் பூட்டும்போதும் இவ்வரிய பழக்கத்தையே கைக்கொள்வீர்களாக.